‘மனசு சொல்லுது’ன்னு தொழிலில் இறங்கலாமா? உள்ளுணர்வை எப்போது நம்பலாம்?

“உள்ளுக்குள்ள ஏதோ சொல்லுச்சு... இறங்கிட்டேன்!” தொழிலில் ஜெயித்தவர்களின் பேட்டிகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. அதே மாதிரி மனசு சொன்னதைக் கேட்டு, சேமிப்பைக் கொட்டி, கடையை மூடியவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. அப்போ, உள்ளுணர்வை நம்பலாமா, கூடாதா?

இந்தக் கேள்விக்கு எதிரெதிர் பக்கம் நின்ற இரண்டு உளவியலாளர்கள், 2009-ல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒருவர், உள்ளுணர்வைச் சந்தேகித்த நோபல் பரிசாளர் டேனியல் கானமன். இன்னொருவர், தீயணைப்பு வீரர்களின் உள்ளுணர்வை வியந்து ஆராய்ந்த கேரி க்ளைன்.

க்ளைன் பதிவு செய்த சம்பவம் ஒன்று உண்டு. ஒரு வீட்டின் சமையலறைத் தீயை அணைக்கப் போன அதிகாரி, காரணமே புரியாமல் தன் குழுவை வெளியேறச் சொன்னார். அவர்கள் வெளியே வந்ததும் தரை இடிந்து விழுந்தது. உண்மையான தீ அதற்குக் கீழே எரிந்துகொண்டிருந்தது! அறையில் சூடு அதிகம், சத்தம் குறைவு. இது வழக்கமான தீ இல்லை என்பதை அவருடைய அனுபவம் கண்டுபிடித்துவிட்டது.

எப்போது நம்பலாம்?

இருவரும் ஒத்துக்கொண்டது இதுதான்: அந்தத் துறையில் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு இருக்க வேண்டும். நாம் எடுத்த முடிவு சரியா, தப்பா என்று தெரிந்து பழக வாய்ப்பும் இருக்க வேண்டும். ‘எனக்கு உறுதியா தோணுது’ என்பது மட்டும் ஆதாரம் ஆகாது.

சிக் ஷாம்புவை எடுத்துக்கொள்வோம். கடலூரைச் சேர்ந்த சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயில் தொழில் தொடங்கினார். சாஷே வியாபாரம் அவருக்குப் புதுசு இல்லை; அப்பா காலத்திலிருந்து குடும்பமே செய்தது. சாஷே பிடித்திருந்தால் மறுபடி வாங்குவார்கள், இல்லையென்றால் கடையிலேயே தேங்கும். பதில் சீக்கிரமே தெரிந்துவிடும்.

டாடா நானோ கதை வேறு. ஸ்கூட்டரில் நெருக்கியடித்துப் போகும் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான வண்டி வேண்டும் என்று ரத்தன் டாடாவுக்குத் தோன்றியது நியாயமானது. ஆனால், 2008-ல் அறிமுகமான ‘ஒரு லட்ச ரூபாய் கார்’ மீது ‘மலிவு’ முத்திரை விழுந்தது. பத்தே ஆண்டில் உற்பத்தி கிட்டத்தட்ட நின்றுபோனது. அப்படியொரு காரை இங்கே யாரும் அதற்கு முன் விற்றதில்லை. கற்றுக்கொள்ளப் பழைய பாடமும் இல்லை.

ரிசைன் லெட்டருக்கு முன்...

என் கருத்து இதுதான். உள்ளுணர்வை ஒதுக்க வேண்டாம். அது எங்கே பழகியது என்று கேளுங்கள். ஐந்து வருஷம் கிச்சனில் நின்றவருக்கு, ‘இந்த மெனு ஓடும்’ என்று தோன்றினால் அதற்கு மதிப்பு உண்டு. நாலு ரீல்ஸ் பார்த்துவிட்டு கஃபே திறக்கத் தோன்றினால், அது வெறும் ஆசை. அந்த ஆசையும் தப்பில்லை. வேலையை விடாமல், வார இறுதியில் ஒரு சின்ன ஸ்டால் போட்டு, இரண்டு மாதம் விற்றுப் பாருங்கள். அப்பாவின் பிஎஃப் பணத்தில் கை வைப்பதைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம்.