பழஞ் சவரக்கத்தியும் பளபளப்பும்

பழைய மடக்குச் சவரக்கத்திகளைத் தேடி வாங்கித் துலக்கும் ஆர்வம் பொரளையில் எனக்குத் தெரிந்த இளைஞர் சிலரிடம் உண்டு. சலூன்களில் பெரும்பாலும் மாற்றலகுக் கத்தியே வழங்கும் இந்நாளில் அது பாராட்டற்குரியதே. ஆயினும், வாங்கிய அன்றே அரத்தாளெடுத்து அலகைக் கண்ணாடிபோல் ஆக்க முனைவது எனக்கு உடன்பாடன்று.

செந்துரு எஃகை அரிக்கும். அதனைக் களைதல் வேண்டும். எண்ணெயில் ஊறவைத்துத் துணியாற் பொறுமையாகத் துடைப்பின் பெரும்பகுதி கழன்றுவிடும். நெடுங்காலப் பயன்பாட்டால் ஏறிய கருநிறமோ ஊறு செய்யாது. விசைச்சாணையில் வைப்பாருமுளர். அலகு நீலம் பாயச் சூடேறினாற் பதம் போயிற்று. பின்னர் எத்துணை தீட்டினும் கூர் நில்லாது.

இவற்றினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. பிடியை ஒட்டிய அடிப்பகுதியிலே செய்தவர் பெயரும், ஷெபீல்டு, ஸோலிங்கன் என ஊரும் பொறிக்கப்பட்டிருக்கும். ராட்ஜர்ஸ் கத்தியாயின் விண்மீனும் சிலுவையும் காணலாம். மயிரிழை ஆழமேயுள்ள அவ்வெழுத்தையே தேய்ப்பவர் கை முதலில் அழிக்கிறது. தொட்டால் ஒடியும் ஏடுகளின் நிலையைச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகைப் பதிப்புரையில் எழுதினார். அத்தகைய ஏட்டை அழகுபடுத்த எண்ணி எழுத்தைச் சுரண்டுவார் உண்டோ? கத்திக்கு மட்டும் அந்நீதி ஏன் மறுக்கப்படல் வேண்டும்?

தீட்டுதல் வேறு கலை; முதுகும் வாயும் ஒருங்கே கல்லிற் படிதல் வேண்டும். கை பழகும்வரை முத்திரை தேய்ந்துபோன மலிவுக் கத்தியிற் பயில்க. துடைத்தபின் எண்ணெய் பூச மறவற்க. கொழும்பின் ஈரக்காற்று துருவை விரைவில் மீட்டும் கொணரும்.