குழி தோண்டும் முன் கூடுவோம்!

பள்ளுருத்தித் தோழர்களே! மட்டாஞ்சேரித் தமிழ்ச் சொந்தங்களே!

கடல் மண்ணை அரிப்பது எப்படி இருக்கும் என்று நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2017இல் ஒக்கிப் புயலின்போதும் 2021 மே மாதம் டவ்தே புயலின்போதும் செல்லானத்தில் அலை வீட்டுக்குள் ஏறியதைக் கண்டவர்கள் நாம். மண் மேல் இருக்கும் வீட்டைக் காக்கக் குரல் கொடுத்த நாம், மண்ணுக்குள் கிடக்கும் ஒரு பழைய ஊரைக் காக்கவும் இப்போது எழ வேண்டும்.

அந்த ஊரின் பெயர் பட்டணம். கொச்சியில் இருக்கும் நமக்கு வடக்கே, பறவூருக்கும் கொடுங்கல்லூருக்கும் நடுவில் இருக்கிறது. மழையில் மணல் அரிபட்டால் முற்றத்திலேயே கண்ணாடி மணிகள் வெளிப்படும் ஊர் அது. 2007 முதல் பேராசிரியர் பி.ஜே.செறியான் தலைமையில் கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கவுன்சில் அங்கே அகழாய்வு நடத்தியது. படகுத்துறையின் செங்கல் கட்டுமானம் கிடைத்தது. அதன் அருகே ஆஞ்சிலி மரத்தில் குடைந்த 6 மீட்டர் தோணி கிடைத்தது. மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகள், மேற்கு ஆசிய மட்கலங்கள், மிளகு, தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் எல்லாம் அந்த மணலில் இருந்தன.

சேரரின் துறைமுகமான முசிறியை அகநானூறும் புறநானூறும் பேசுகின்றன. ரோமானியர் பிளினியும் பேசுகிறார். முசிறி வணிகம் பற்றிய 2ஆம் நூற்றாண்டு ஒப்பந்தம் ஒன்று பாப்பிரஸ் தாளில் வியன்னாவில் இருக்கிறது. பட்டணம்தான் முசிறி என்கிறார்கள் பல ஆய்வாளர்கள், மறுப்பவர்களும் உண்டு. அந்த வழக்கைத் தீர்க்கும் சாட்சி மண்ணுக்குள்தான் இருக்கிறது. பட்டணத்தின் ஏறத்தாழ 45 ஹெக்டேர் தொல்லியல் மேட்டில் ஒரு சதவீதம்கூட இன்னும் தோண்டப்படவில்லை!

தோழர்களே, அந்தச் சாட்சி நாள்தோறும் கலைகிறது. அஸ்திவாரக் குழி, செப்டிக் டேங்க், கிணறு என்று மண்ணைப் புரட்டும் ஒவ்வொரு முறையும் நூற்றாண்டுகளின் அடுக்குகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. அடுக்கு கலைந்த பின் கையில் கிடைக்கும் ஓடு எந்தக் காலத்தது, எதனோடு கிடந்தது என்று சொல்லாது. மேட்டில் குடியிருப்பவர்களைக் குறை சொல்லாதீர்கள். தங்கள் நிலத்தைத் தோண்ட அனுமதித்து இந்த வரலாற்றை வெளியே கொண்டுவந்தவர்கள் அவர்கள். அவர்களைப் பகைத்துப் பட்டணத்தைக் காக்க முடியாது.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பாடம் உண்டு. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில், 1850இல் ஒரு புயல் மணற்குன்றைப் பிய்த்தெறிந்தது. 5,000 ஆண்டுப் பழமையான ஸ்காரா பிரே குடியிருப்பு வெளியே வந்தது. 1924இல் இன்னொரு புயல் ஒரு வீட்டின் பகுதியை அடித்துக்கொண்டு போன பிறகுதான் தடுப்புச் சுவர் எழுந்தது. அந்த நாட்டிலேயே இன்று கரையோர மக்கள் கைபேசியும் கையுமாக நடந்து, அரிப்பில் வெளிப்படும் சின்னங்களைப் பதிவு செய்கிறார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. மேட்டில் எந்தக் கட்டுமானத்துக்கும் முன்பு தொல்லியல் துறை குழியைப் பார்த்துப் பதிய வேண்டும். அதனால் வேலை தாமதப்படும் வீட்டுக்காரருக்கு இழப்பீடு தர வேண்டும். அகழாய்வு தடையின்றித் தொடர வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவையும் உண்டு. பட்டணமானாலும் செல்லானமானாலும், மண்ணிலிருந்து பழம்பொருள் வெளிப்பட்டால் எடுக்காதீர்கள், விற்காதீர்கள், வாங்காதீர்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். இடத்தையும் நாளையும் எழுதுங்கள். ஊராட்சிக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள். புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மலையாளத் தோழர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முசிறி அவர்களுக்கும் தாய்வீடு.

ஆசிரியர்களே, மாணவர்களை அழைத்துக்கொண்டு பட்டணம் செல்லுங்கள். சங்கங்களே, அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்புங்கள். இளைஞர்களே, வெளிப்படும் பழம்பொருள்களைப் பதிவு செய்ய ஒரு குழு அமைப்போம், அதற்கு இன்றே பெயர் கொடுங்கள். கலைந்த அடுக்கை எந்த அரசாலும் திரும்ப அடுக்க முடியாது. அடுத்த அஸ்திவாரக் குழி விழும் முன் வாருங்கள், தோழர்களே!