பட்டன் உண்மையில் எங்கே இருக்கு?

ஹந்தானையில் காலைப் பனி விலகும்போது பார்த்திருக்கீங்களா? மலையே நகர்ற மாதிரி தெரியும். ஆனா மலை இருந்த இடத்துலதான் இருக்கு. மலைக்கு அது அழகு. போன் பட்டன் அப்படி இருந்தா வில்லங்கம்.

போன வாரம் அம்மா ஒரு செயலியில பில் கட்டிக்கிட்டு இருந்தாங்க. 'உறுதி செய்' பட்டன் கீழிருந்து வழுக்கிக்கிட்டு மேல வந்து நின்னுச்சு. அழுத்துறாங்க, அழுத்துறாங்க, ஒண்ணும் நடக்கல. "எனக்கு இதெல்லாம் விளங்காது, நீயே கட்டு"ன்னு போனை நீட்டிட்டாங்க.

அந்தச் செயலிக்குள்ள என்ன எழுதியிருக்காங்கன்னு நான் பார்க்கல. ஆனா இப்படி நடக்க ஒரு பழைய காரணம் இருக்கு. ஆண்ட்ராய்டின் ஆரம்பகால 'வியூ அனிமேஷன்' பட்டனின் படத்தை மட்டும்தான் நகர்த்தும். பட்டனின் நிஜமான இடம் மாறாது. கண்ணுக்கு மேலே தெரியும். விரலுக்குப் பழைய இடத்தில்தான் கிடைக்கும். 2011இல் ஆண்ட்ராய்டு 3.0 உடன் வந்த 'ப்ராப்பர்ட்டி அனிமேஷன்' இதைத் தீர்த்தது. அது பட்டனின் பண்பையே மாற்றுகிறது. தொடுகையும் கூடவே நகர்கிறது.

ஐபோனில் கதை வேறு. 'கோர் அனிமேஷன்' இரண்டு கணக்கு வைத்திருக்கிறது: ஒன்று உண்மையான மதிப்பு, மற்றது திரையில் அந்த நொடி தெரிவது. யுஐவியூ வழியாக நகர்த்தினால் உண்மை மதிப்பு உடனே கடைசி இடத்துக்குப் போய்விடும். காட்சிதான் பின்னால் நடந்து வரும். சிஏபேசிக்அனிமேஷனோ உண்மை மதிப்பைத் தொடுவதே இல்லை. முடிந்ததும் பட்டன் பழைய இடத்துக்கே குதிக்கும். அதை மறைக்க, முடிந்த அனிமேஷனை அகற்றாமல் அப்படியே விட்டுவைக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. பார்க்கச் சரியாக இருக்கும், தொட்டால் மாட்டிக்கொள்வோம்.

அதுக்காக எல்லாப் பண்பையும் இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. அகலத்தையும் உயரத்தையும் அசைத்தால் ஒவ்வொரு பிரேமிலும் திரையின் அமைப்பை மறுபடி கணக்கிட வேண்டும். நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒன்றுக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லிசெக்கன்தான். பழைய போன் திணறும். இடப்பெயர்ச்சி, அளவுப் பெருக்கம், ஒளிபுகுதன்மை ஆகியவற்றை மாற்றுவது அதைவிட மலிவு.

என் கருத்து இதுதான்: கண் பார்க்கும் இடமும் விரல் தொடும் இடமும் ஒன்றாக இல்லாத அனிமேஷன், எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும், பொய். அந்தப் பொய்க்கு டெவலப்பர் வெட்கப்படுவதில்லை. பாவிக்கிறவங்கதான் "எனக்கு விளங்காது"ன்னு வெட்கப்படுறாங்க.

செயலி செய்யப் பழகும் தம்பி, தங்கச்சிமாரே, வெளியிடுறதுக்கு முன்னாடி ஒரு பழைய போனை எடுங்க. பட்டன் நகரும்போது அழுத்துங்க, நின்ன பிறகும் அழுத்துங்க. செட்டிங்ஸில் அனிமேஷனை நிறுத்திட்டு இன்னொரு தடவை பாருங்க. பிறகு போனை உங்க அம்மா கையில குடுத்து, ஒண்ணும் சொல்லாம பக்கத்துல உட்காருங்க.