செவிலியரின் உறக்கம், ஊரின் பொறுப்பு

சித்தேரியிலிருந்தோ வத்தல்மலையிலிருந்தோ நள்ளிரவில் ஒரு பெண் பிரசவ வலியோடு வந்தாலும், அரசு மருத்துவமனையில் ஒரு செவிலியர் விழித்திருப்பார். தருமபுரி மாவட்டம் இரவில் நிம்மதியாகக் கண்ணயர்வது அந்த நம்பிக்கையில்தான். அவர் எப்போது தூங்குகிறார் என்று கேட்கும் கடமையும் நமக்கு உண்டு.

உடலுக்குள் இயங்கும் உயிர்க்கடிகாரம் பணிப்பட்டியலைப் பார்த்துத் தன்னை உடனே மாற்றிக்கொள்வதில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், மது அருந்தியவரின் நிலைக்குச் சரியக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அதிகாலை மூன்று மணிக்கு மருந்தின் அளவைக் கணக்கிடுவதும், டிரிப் இறங்கும் வேகத்தைச் சரிசெய்வதும், பச்சிளங்குழந்தையின் மூச்சைக் கவனிப்பதும் அப்படிப்பட்ட நேரத்துப் பணிகள். ஆகவே செவிலியரின் தூக்கம் நோயாளியின் பாதுகாப்போடு சேர்ந்தது.

நிர்வாகத்தின் நெருக்கடியும் உண்மையானது. இரவு என்பதற்காக எந்த வார்டையும் மூட முடியாது. புதிய நியமனத்துக்கு நிதியும் காலமும் வேண்டும். செவிலியர் தரப்பின் நியாயமும் அதே அளவு உண்மை. மூவர் முறைவைத்துப் பார்க்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் சென்றால், மற்ற இருவரும் 24 மணி நேரத்தையும் பங்கிட்டாக வேண்டும். இந்தச் சோர்வுக்குத் தீர்வாகச் சொல்லப்படும், மன உறுதியை வளர்க்கும் யோகாவும் தியானமும் நல்லவையே. ஆனால் அவை ஓய்வுக்கு ஈடாகா. மன உறுதி தனி மனிதரின் குணம் மட்டுமன்று. துணை நிற்கும் ஏற்பாடுகளாலும் அது வளர்கிறது.

இரு தரப்பும் சந்திக்கக்கூடிய இடங்கள் உள்ளன. பணிப்பட்டியலை ஒரு மாதம் முன்பே வெளியிடலாம். தொடர் நைட் டூட்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கலாம். காலை, மாலை, இரவு என்ற வரிசையிலேயே சுழற்சி அமைந்தால் உடல் ஓரளவு எளிதாகப் பழகும். இருவர் பணியில் உள்ள வார்டில் ஒருவர் விழித்திருக்க, மற்றவர் சிறிது நேரம் கண்மூடுவதை அனுமதிக்கப்பட்ட ஓய்வாகப் பட்டியலிலேயே எழுதலாம். கூப்பிட்டும் ஆள் வரவில்லை என்று கோபப்படும் உறவினருக்கும் அது தெளிவு தரும்; கண்ணயர்ந்தவரைக் கைப்பேசியில் படமெடுத்துப் பரப்பும் கொடுமையும் குறையும். காலிப் பணியிடங்களை நிரப்புவது அரசின் பங்கு. தூக்கமின்மை நீடித்தால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கத் தயங்காதிருப்பது செவிலியரின் பங்கு.

மற்றதில் நமக்கும் பங்குண்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதிக்கும் ஒலி மாசு விதிகள் 2000-லிருந்து இருக்கின்றன. இரவில் உறங்குவோரை அவை காக்கின்றன. பகலில், தகரக் கூரையின் வெக்கைக்குக் கீழே, கதவைச் சாத்திக்கொண்டு தூங்க முயலும் செவிலியரைக் காக்கப் பெரும்பாலும் அண்டை வீட்டாரின் அக்கறையே இருக்கிறது. நைட் டூட்டி முடிந்து வந்தவரைச் சமையலுக்கு எழுப்பாத கணவரும், திருவிழா ஒலிபெருக்கியைச் சற்றுத் திருப்பிக் கட்டும் விழாக் குழுவும் மருத்துவமனைக்குச் செய்யும் உதவி சிறிதல்ல.

இவற்றுள் பலவற்றுக்கு அரசாணைகூடத் தேவையில்லை. மருத்துவமனைக் கண்காணிப்பாளர், செவிலியர் சங்கம், உள்ளாட்சிப் பிரதிநிதிகள் ஆகிய மூன்று தரப்பினரும் ஒரே மேசையில் அமர்ந்தால், அடுத்த மாதப் பணிப்பட்டியலிலிருந்தே தொடங்கிவிடலாம்.