ஒதுங்கியதா? ஒதுக்கினோமா?

"ராட்சத திமிங்கலம் கரை ஒதுங்கியது."

வருஷத்துக்கு நாலு தடவையாவது நம்ம பேப்பர்ல பார்க்கிற தலைப்பு. கூட ஒரு போட்டோ. எத்தனை அடி நீளம், எத்தனை டன் எடை, கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார், வனத்துறை பள்ளம் தோண்டிப் புதைத்தது. பொதுமக்கள் ஆர்வத்துடன் பார்த்துச் சென்றனர். அவ்வளவுதான், மேட்டர் ஓவர். நாமளும் பக்கத்தைத் திருப்பி சினிமா நியூஸுக்குப் போயிடுவோம்.

எனக்கு அந்த 'ஒதுங்கியது'ங்கிற வார்த்தை மேலதான் கடுப்பு. எட்டாங்கிளாஸ் தமிழய்யா தன்வினை, பிறவினைன்னு நடத்துவாரே, ஞாபகம் இருக்கா? ஒதுங்கினான், தன்வினை. ஒதுக்கினான், பிறவினை. மழைக்குக் கடை வாசல்ல ஒதுங்குற மாதிரி திமிங்கலம் தானா வந்து ஒதுங்கி, தானா செத்துப்போச்சாம். யாரும் எதுவும் பண்ணலையாம். என்னா ஒரு சௌகரியமான இலக்கணம்!

"மாப்ள, கடலே இல்லாத ஊர்ல உக்காந்துக்கிட்டு திமிங்கலத்துக்கு ஏன்டா அழற? வைகையில தண்ணி வருதான்னு பாரு"ன்னு ஃப்ரெண்டு ஒருத்தன் நக்கலடிச்சான். கேள்வி நியாயமானதுதான். ஆனா கொடியில மீனை வச்சுக்கிட்டு, கொற்கையில முத்துக் குளிச்சு சம்பாதிச்சதை வச்சு ஊரைக் கட்டின பாண்டியனோட தலைநகரத்துல உக்காந்துக்கிட்டு கேட்கிற கேள்வியா இது? சரி, பழங்கதை வேணாம். இன்னைக்கு மதுரைக்கும் திமிங்கலத்துக்கும் இருக்கிற கணக்கைப் பார்ப்போம்.

முதல்ல ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன், இல்லாட்டி அறிவியல் தெரிஞ்ச ஆளுங்க வந்து காய்ச்சுவாய்ங்க. எல்லாச் சாவையும் மனுஷன் தலையில கட்ட முடியாது. 2016 ஜனவரியில திருச்செந்தூர் பக்கம் மணப்பாடு, கல்லாமொழி கரையில எண்பதுக்கும் மேல பைலட் திமிங்கலங்கள் வந்து விழுந்துச்சு. நாற்பதுக்கும் மேல செத்துப்போச்சு. மீனவர்கள் படகுல கட்டி இழுத்து ஆழத்துல விட்டதுலயும் சிலது திரும்பி வந்துச்சு. கூட்டத்தை விட்டுப் பிரியாத ஜாதி அது. ஒண்ணு தரை தட்டினா மத்ததும் பின்னாலேயே வரும். அதே கரையில 1973-லயும் 147 திமிங்கலம் இப்படி வந்து செத்திருக்கு. அன்னைக்கு தூத்துக்குடியில இத்தனை பெரிய துறைமுகம் கிடையாது. அதனால மணப்பாட்டுக்குக் காரணம் நாமதான்னு நான் அடிச்சுப் பேசப் போறதில்ல. ஆனா அதைக் காட்டி "பாத்தியா, எல்லாம் இயற்கை"ன்னு கைகழுவ விடமாட்டேன். நம்ம கைரேகை பளிச்சுன்னு தெரியற சாவுகள் ஏகப்பட்டது இருக்கு.

கப்பல்

எலியார்பத்தி டோல்கேட்ல கால்மணி நேரம் நின்னு பாருங்க. கன்டெய்னர் லாரியா போகும், வரும். மதுரையில தைச்ச துணி, சுத்துப்பட்டுல வெட்டின கிரானைட்டு, நாம ஆன்லைன்ல வாங்குற அயிட்டம் எல்லாம் அந்த நாலுவழிச் சாலையிலதான். தூத்துக்குடியில ஏறுற பெட்டி பெரும்பாலும் கொழும்பு போய் பெரிய கப்பலுக்கு மாறும். அங்கேயிருந்து கிழக்கே போற கப்பல் இலங்கையோட தென்கோடி தேவேந்திர முனையைச் சுத்தித்தான் போகணும். உலகத்திலேயே நெரிசலான கப்பல் பாதைகள்ல அது ஒண்ணு.

அதே இடத்துலதான் நீலத்திமிங்கலங்களும் இருக்கு. மத்த கடல் நீலத்திமிங்கலங்கள் பல, தீனிக்கு துருவக் கடல் வரை போகும். இலங்கைக் கூட்டம் அப்படிப் போறதில்ல, வெதுவெதுப்பான இந்தக் கடல்லயே தின்னு வளருதுன்னு எடுத்துச் சொன்னவர் ஆஷா டி வோஸ்ங்கிற இலங்கைக்கார ஆராய்ச்சியாளர். ஊரை விட்டு நகராத ஜீவன் வீட்டு வாசல்ல பைபாஸ் ரோடு போட்ட கதை. 2012 மார்ச்சுல கொழும்புத் துறைமுகத்துக்குள்ள ஒரு கன்டெய்னர் கப்பல் வந்துச்சு, மூக்குல ஒரு நீலத்திமிங்கலத்தோட பொணம் மாட்டியிருக்க! கப்பல்ல இருந்தவங்களுக்கு இடிச்சதே தெரியாது. லாரி அடியில தெருநாய் விழுந்தாகூட டிரைவருக்கு ஒரு குலுக்கல் தெரியும்.

இதுக்குத் தீர்வு ராக்கெட் சயின்ஸ் இல்ல. பாதையை 15 கடல்மைல் தெற்கே தள்ளினாப் போதும். எம்.எஸ்.சி.ங்கிற பெரிய கம்பெனி 2022-ல தானாவே தன்னோட கப்பல்களைத் தள்ளி ஓட்ட ஆரம்பிச்சுது. ஒருத்தனால முடியும்னா மத்தவனால ஏன் முடியாது? கொஞ்சம் டீசல் கூடச் செலவாகும், அம்புட்டுதான்.

சத்தம்

திமிங்கலத்துக்குக் காதுதான் கண்ணு. இரை தேடறது, குட்டியைக் கூப்பிடறது, வழி கண்டுபிடிக்கிறது எல்லாம் சத்தத்தாலதான். சித்திரைத் திருவிழா கூட்டத்துல, அத்தனை மைக்செட் அலற, தொலைஞ்ச பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. கப்பல் ஓடுற கடல்ல அதுங்க நிலைமை தினமும் அதுதான். 2000 மார்ச்சுல பஹாமாஸ் தீவுல அமெரிக்கக் கடற்படை சோனார் பயிற்சி பண்ணினப்போ திமிங்கலம், டால்பின்னு 17 ஜீவன்கள் கரைக்கு வந்துச்சு. செத்ததை அறுத்துப் பார்த்தா காதுப் பக்கம் ரத்தக்கசிவு. காரணம் சோனாராத்தான் இருக்கணும்னு அவங்க அரசாங்க அறிக்கையே ஒத்துக்கிச்சு. இன்னொண்ணு: 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அப்புறம் சில நாள் கப்பல் போக்குவரத்து குறைஞ்சப்போ, கனடாவோட ஃபண்டி வளைகுடாவுல தண்ணிக்கடியில சத்தம் 6 டெசிபல் குறைஞ்சுது. அங்கே இருந்த திமிங்கலங்களோட சாணத்தைச் சோதிச்சவங்க, மன அழுத்த ஹார்மோனும் குறைஞ்சிருந்ததைக் கண்டுபிடிச்சாங்க. மனுஷனுக்கு வந்த துக்கத்துலதான் அதுங்களுக்கு ரெண்டு நாள் நிம்மதி!

இப்போ நம்மூருக்கு வருவோம். சேதுசமுத்திரத் திட்டத்தைத் தொடங்கி வச்ச விழா எந்த ஊர்ல நடந்துச்சு? சாட்சாத் மதுரையில. 2005 ஜூலை 2, மன்மோகன் சிங் வந்தார். 167 கிலோமீட்டர் நீளம், 12 மீட்டர் ஆழம், ரூ.2,427 கோடி. அப்புறம் நம்ம பதிவுலகத்துல நடந்த சண்டையை மறந்திருக்க மாட்டீங்க. ராமர் பாலமா மணல் திட்டா, ஆத்திகமா நாத்திகமா, எவ்வளவு பின்னூட்டம், எவ்வளவு கும்மி! அதுல அந்தக் கடல்ல வாழற ஜீவனைப் பத்தி எத்தனை பதிவு வந்துச்சு? மன்னார் வளைகுடாவுல 21 தீவுகளைச் சேர்த்து 1986-லயே தேசியப் பூங்கான்னு அறிவிச்சாச்சு. பாக் விரிகுடாவுல ஆவுளியாவுக்காக 448 சதுர கிலோமீட்டரை 2022-ல காப்பகமா அறிவிச்சிருக்கு இதே தமிழக அரசு. 2023 ஜனவரியில கால்வாயை வெட்டுங்கன்னு சட்டசபையில ஒருமனதா தீர்மானம் போட்டதும் இதே அரசுதான். தொட்டிலையும் ஆட்டி பிள்ளையையும் கிள்ளுறதுங்கிறது இதுதாங்க. நான் எந்தக் கட்சிக்கும் கொடி பிடிக்கலை. இந்த விஷயத்துல எல்லாக் கட்சியும் ஒரே பக்கம்தான் நின்னுச்சு, திமிங்கலம் நிக்காத பக்கம்.

வலையும் பையும்

இந்தியப் பெருங்கடல்ல சூரைமீனுக்குப் போடற செவுள் வலையில 1950 முதல் 2018 வரை சுமார் 41 லட்சம் டால்பினும் சின்னத் திமிங்கலமும் சிக்கியிருக்கும்னு 2020-ல ஒரு ஆய்வு கணக்குப் போட்டுச்சு. இந்தியா, இலங்கை ரெண்டுமே அந்தப் பட்டியல்ல உண்டு. உடனே மீனவனைக் குத்தம் சொல்லக் கிளம்பிடாதீங்க. மணப்பாட்டுல கழுத்தளவு தண்ணியில நின்னு திமிங்கலத்தைத் தள்ளினது அவன்தான். நாம டிவியில பார்த்துக்கிட்டு இருந்தோம். வலையில எச்சரிக்கைக் கருவி வைக்கவும், வலையை மாத்தவும் காசு கொடுக்க வேண்டியது அரசாங்கம்.

2018-ல தாய்லாந்துல ஒரு பைலட் திமிங்கலம் செத்துச்சு. மணப்பாட்டுக்கு வந்த அதே இனம். வயித்துல 80 பிளாஸ்டிக் பை, மொத்தம் 8 கிலோ. பரோட்டாவுக்குச் சால்னா கட்டி வாங்குற பை மதுரையை விட்டு எங்கே போயிடப்போகுதுன்னு கேட்பீங்க. ராமேஸ்வரம் டூர் போனப்போ கரையில விட்டுட்டு வந்தது எங்கே போச்சு?

அம்பர்

திமிங்கலம்னாலே நம்ம ஆளுங்களுக்குக் காது நிமிர்ற ஒரே மேட்டர் இது. "திமிங்கல வாந்தி, பல கோடி மதிப்பு, காரில் கடத்திய நால்வர் கைது." இது வாந்தியே இல்ல சாமி. ஸ்பெர்ம் திமிங்கலம் கணவாயைத் தின்னும். கணவாயோட அலகு செரிக்காது. குடல்ல அது உறுத்தறப்போ உருவாகிற மெழுகுக் கட்டிதான் அம்பர். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவுல அதை வச்சிருக்கிறதும் விக்கிறதும் குத்தம். அந்த உயிர் எப்படி இருக்கு, எத்தனை மிச்சம்னு ஒரு வரி எழுதாத பேப்பர், அதோட கழிவுக்கு மட்டும் கிலோ ரேட்டு போடுது. ரேட்டு போட்டுப் போட்டே புதுசு புதுசா ஆள் பிடிச்சுக் கொடுக்கிறாய்ங்க.

தொட்டி

கடைசியா, எனக்கு ரொம்ப எரிச்சல் கிளப்புற அயிட்டம். டால்பின் ஷோ.

ஓர்க்கா ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர்கூட நீந்தும். மதுரையிலிருந்து தூத்துக்குடி தூரம். லோலிட்டான்னு ஒரு ஓர்க்கா. 1970-ல பிடிச்சது, 2023 ஆகஸ்ட்ல செத்துச்சு. அரை நூற்றாண்டு அமெரிக்காவுல மயாமியில ஒரு தொட்டி. பிரதானத் தொட்டி 80 அடி நீளம், 35 அடி அகலம். நம்ம வண்டியூர் தெப்பக்குளம் சுமார் 1000 அடிக்கு 950 அடி. அதுல விட்டாலே பாவம்னு சொல்வோம். உடம்பே 20 அடி இருக்கிற ஜீவன் அந்தத் தொட்டியில 50 வருஷத்துக்கு மேல சுத்திச் சுத்தி வந்துச்சு. டிலிக்கம்னு இன்னொண்ணு, 1983-ல ஐஸ்லாந்து கடல்ல குட்டியா பிடிச்சது. மூணு மனுஷ சாவுல அதுக்குத் தொடர்பு இருக்கு. அதுக்குப் பேரு 'கொலைகாரத் திமிங்கலம்'. சுதந்திரமா திரியற ஓர்க்கா கடல்ல மனுஷனைக் கொன்னதா பதிவே இல்லைங்கிறதையும் சேர்த்துச் சொல்லணும்.

தள்ளி எங்கேயோ நடக்குதுன்னு நினைக்க வேணாம். 2020 மே மாசம் திருப்பரங்குன்றம் கோயில் யானை தெய்வானை தன் பாகனையே கொன்னுச்சே, மறந்துட்டோமா? அப்பவும் 'யானைக்கு மதம்'னுதான் பேசினோம். சங்கிலியைப் பத்திப் பேசலை.

நம்ம நாடு உருப்படியா ஒண்ணு பண்ணியிருக்கு. 1990-கள் கடைசியில சென்னை ஈ.சி.ஆர். பக்கம் பல்கேரியாவுல இருந்து டால்பின் கொண்டுவந்து ஷோ நடத்தினாங்க. சில மாசத்துலயே எல்லாம் செத்துப்போச்சு. கேரளா, மகாராஷ்டிரான்னு மறுபடி ஆசைப்பட்டப்போ, 2013 மே 17-ல மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் டால்பின் காட்சியகம் எங்கேயும் கூடாதுன்னு சுற்றறிக்கை விட்டுச்சு. டால்பினை 'மனிதரல்லாத நபர்'னு கருதணும்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றதை அதுலயே எழுதியிருக்காங்க. சபாஷ்!

ஆனா நாம என்ன பண்றோம்? இங்கே தடைன்னா ஃப்ளைட் ஏறிடறோம். சிங்கப்பூர், துபாய் டூர் போய் டால்பினுக்கு முத்தம் கொடுத்து போட்டோ. சென்டோசாவுக்காக சாலமன் தீவுகள்ல பிடிச்ச 27 டால்பின்ல ரெண்டு 2010-ல லங்காவியில செத்துச்சு, ஒண்ணு 2012-ல சிங்கப்பூருக்கு வர்ற விமானத்துலயே செத்துச்சு. அந்த மூஞ்சி சிரிக்கிற மாதிரி இருக்கிறது தாடை அமைப்புங்க. அது செத்தாலும் அப்படித்தான் இருக்கும்.

"ஜப்பான்காரன் கொன்னு திங்கிறானே, அவனைக் கேளு"ன்னு வருவாய்ங்க. கேட்போம். 20-ம் நூற்றாண்டுல மட்டும் 29 லட்சம் திமிங்கலத்தைக் கொன்னாங்க. 1966-ல சோவியத் கப்பல்கள் அரபிக்கடல்ல 242 கூன்முதுகுத் திமிங்கலத்தைத் தீர்த்துக்கட்டுச்சு. அந்தக் கூட்டம் இன்னைக்கு நூறு தேறுமாங்கிற நிலைமை. 1986-ல வணிக வேட்டைக்குத் தடை வந்துச்சு, ஜப்பான் 2019-ல வெளியேறி மறுபடி ஆரம்பிச்சுது. தப்புதான். ஆனா ஈட்டி எறியறவனைத் திட்டறது சுலபம், அவன் கையில ஈட்டி தெரியுது. நம்ம கையில டூர் டிக்கெட்டும் பார்சல் பையும்தான் இருக்கு.

பதிவர் மக்களே, நம்மகிட்ட இருக்கிறது எழுத்து ஒண்ணுதான். அடுத்த தடவை திமிங்கலச் செய்தி போட்டா நீளம், எடை, ரேட்டு மட்டும் போடாதீங்க. உடம்புல புரொப்பல்லர் வெட்டு இருந்துச்சா, வலை சுத்தியிருந்துச்சா, வயித்தை அறுத்துப் பார்த்தாங்களா, அந்த அறிக்கை எங்கேன்னு கேளுங்க. அறுத்துப் பார்க்காமப் புதைச்சா, ஏன் புதைச்சீங்கன்னு கேளுங்க. காரணம் இயற்கைன்னு வந்தா 'ஒதுங்கியது'ன்னு தாராளமா எழுதிக்கலாம். அதுவரைக்கும் அந்தத் தன்வினையை நம்பாதீங்க.

டிஸ்கி: "சிங்கப்பூர் ஷோவுல டால்பினை நல்லாத்தான் பார்த்துக்கிறாங்க"ன்னு பின்னூட்டம் போட இருக்கிற அண்ணாச்சிகளுக்கு: வீட்டுக் குளியல் தொட்டியில ஒரு வாரம் இருந்துட்டு வந்து போடுங்க. வேளாவேளைக்கு மீன் நான் வாங்கித் தர்றேன்.