வழுக் காணும் வேட்கை

வீடியோ விளையாட்டுக்களில் பொழுது போக்கும் இளைஞரைப் பெரியோர் கடிந்துரைப்பது வழக்கம். அவ்விளையாட்டுக்களில் வெல்லுதலையும் விட்டு, அவற்றை இயற்றியோர் அறியாது விடுத்த பிழைகளை நாடி, நாட்கணக்காக ஒரே சுவரில் மோதிக்கொண்டிருக்கும் இளைஞரைக் கண்டாலோ, அவர்கள் வியப்பும் வெறுப்பும் ஒருங்கே கொள்வர். ‘கிளிட்ச்’ என வழங்கும் அப்பிழைகளை ஈண்டு வழு எனக் குறிப்போம். வழுக் காண்பதில் அத்துணை இன்பம் ஏன் உண்டாகின்றது? அவ்வின்பம் வீணானதோ, பயனுடையதோ? இவற்றைச் சிறிது ஆராய்தல் மாணவர்க்கு நலம் பயக்கும் எனக் கருதுகின்றோம்.

வழு என்பது பொறியின் கிறுக்கன்று என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். கணினி தனக்கு இட்ட ஏவலை இட்டவாறே செய்யும் இயல்பினது. ஏவினோர் எண்ணியது ஒன்றும் ஏவிய சொல் வேறொன்றும் ஆகுங்கால், அஃது எண்ணத்தை விடுத்துச் சொல்லையே பற்றி நிற்கும். எண்ணத்திற்கும் சொல்லுக்கும் இடைப்பட்ட வெளியிலேதான் வழு பிறக்கின்றது.

1980ஆம் ஆண்டில் ஜப்பானில் தோன்றிய ‘பாக்-மேன்’ எனும் விளையாட்டு முடிவின்றித் தொடருமாறு கருதப்பட்டது. ஆயின், கட்டங்களின் எண்ணைக் குறித்துக்கொள்ள அதில் ஒதுக்கிய இடம் 0 முதல் 255 வரையே கொள்ளும். அதன்மேல் ஒன்று கூட்டினால் மீண்டும் 0 ஆகிவிடும். 256ஆம் கட்டத்தில் இக்கணக்கு மயங்கவே, திரையின் அடியிற் சில கனிகளை மட்டும் வரைய வேண்டிய பகுதி 256 முறை வரையப் புகுந்து, திரையின் வலப்பாதியைப் பொருளற்ற எழுத்துக்களால் நிரப்பிவிட்டது. முடிவில்லை எனக் கருதிய ஆட்டத்திற்கும் முடிவொன்று உண்டு என்பதை ஆடினோரே கண்டறிந்தனர்.

1985இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ என்பதில் உள்ள உலகங்கள் எட்டே. எனினும், 1-2 எனும் கட்டத்தின் இறுதியில் குறித்ததொரு வகையாகக் குதித்தால், மாரியோ செங்கற் சுவரினூடே புகுந்து அப்பாற் செல்வான். செல்லுமிடத்தைக் குறிக்கும் எண் சரிவர வந்து சேருமுன் ஆங்குள்ள குழாயில் இறங்கினால், 36ஆம் உலகிற்கு அனுப்பப்படுவான்! 36க்கு உரிய வடிவம் வெற்றிடமாதலின், திரையில் ‘-1’ என்பதே தோன்றும். அவ்வுலகில் நீந்திக் கடைசிவரை சென்றாலும் தொடக்கத்திற்கே மீள நேரும். காலம் தீருமளவும் கரையேற்றம் இல்லை.

1996இல் ஜப்பானில் முதன்முதல் வெளிவந்த ‘போக்கிமான்’ விளையாட்டின் வழு இன்னும் நயமுடையது. முதியவர் ஒருவர் விலங்கு பிடிக்கும் முறையைக் காட்டுங்கால், அவர் பெயரைத் திரையில் இடுவதற்காக, ஆடுவோனுடைய பெயர் சிறிது நேரம் வேறோரிடத்தில் ஒதுக்கி வைக்கப்படும். அவ்விடமோ காட்டு விலங்குகளின் பட்டியலுக்கு உரியது. பின்னர்த் தனக்கெனப் பட்டியல் இல்லாத ஒரு தீவின் கீழ்க்கரைக்கு உடனே சென்றால், பெயரின் எழுத்துக்களே விலங்குகளாகப் படிக்கப்பட்டு, ‘மிஸ்ஸிங்நோ’ எனும் உருவற்ற உரு எதிர்ப்படும். ஆடுவோன் தன் பெயரையே விலங்காகச் சந்திக்கின்றான் என்பது எத்துணை விந்தை!

இவ்வின்பத்திற்குக் காரணம் மூன்று எனத் தோன்றுகின்றது. இயற்றியோன் மறைத்து வைத்த புதையல் எத்துணை அரியதாயினும் அவன் தந்த பரிசிலேயாகும். வழுவோ எவரும் வைத்ததன்று. அதனை முதலிற் காண்பவன் இயற்றியோனும் காணாததைக் காண்கின்றான். இஃது ஒன்று. சுவர் எனக் கண்டது சுவரன்று, எண்களின் ஒப்பீடே எனும் உண்மை வழுவின் வழியே புலனாகின்றது. தோற்றத்தின் பின்னுள்ள உண்மை விதியை அறிதல் இரண்டாவது. ஒருவன் கண்டதைப் பிறனும் அம்முறையே செய்து காணவியலும் என்பது மூன்றாவது.

இம்மூன்றாவதே தலையாயது. ‘சிவிலைசேஷன்’ எனும் 1991ஆம் ஆண்டு விளையாட்டில், காந்தியடிகளின் போர்க்குணம் 1 என்றிருந்து, மக்களாட்சி ஏற்றவுடன் 2 குறைந்து, கணக்கு மயங்கி 255 ஆயிற்று என்றும், அதனால் அவர் அணுகுண்டு வீசலானார் என்றும் ஒரு கதை நெடுங்காலம் உலவியது. அதனை இயற்றிய சிட் மையர், 2020இல் வெளியிட்ட தம் நினைவு நூலில், அவ்வாறான வழு இருந்ததில்லை என மறுத்துவிட்டார். கேட்கச் சுவையாயிருந்தமையால் மட்டுமே பலர் நம்பினர். வழுவுக்குச் சான்று செய்து காட்டுதலேயன்றிச் சொல்லிப் பரப்புதல் அன்று.

நம் இலக்கண நூலார் வழு, வழாநிலை என்பவற்றோடு வழுவமைதி எனவும் ஒன்று வகுத்தனர். பிழையேயாயினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது அது. 1991இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ என்பதில், ஓர் அடி முடியுமுன் மற்றோர் அடியைத் தொடுக்கவியலும் என்பது இயற்றியோர் கருதாதது. சோதனையின்போது கண்டும் அதனை நீக்காது விட்டனர். பிற்காலத்துச் சண்டை விளையாட்டுக்களுக்கெல்லாம் அதுவே உயிர்நாடியாயிற்று. இதனினும் சிறந்த வழுவமைதி வேறு வேண்டுமோ?

இது நிற்க. பலர் கூடி ஆடும் ஆட்டத்தில், தான் ஒருவனே அறிந்த வழுவால் எதிரியை வீழ்த்துபவன் ஆராய்ச்சியாளன் அல்லன், வஞ்சகனே. இருசாராரையும் பிரித்தறிவது எளிது. முன்னவன் கண்டதை வெளியிட விரைவான். பின்னவன் மறைக்க முயல்வான்.

இனி, நாம் சொல்ல விழைந்தது இதுவே. ஆய்வுக்கூடத்தில் ஊசலின் அலைவுக் காலம் புத்தகத்திலுள்ள மதிப்போடு ஒவ்வாதபோது, குறிப்பேட்டில் அவ்வெண்ணை அழித்து, ஒத்த எண்ணை எழுதி மதிப்பெண் பெறும் வழக்கம் நம் கல்லூரிகளில் இல்லையென எவரேனும் கூறவியலுமோ? ரேலே பிரபு காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜன், ரசாயனப் பொருள்களிலிருந்து பெற்றதைக் காட்டிலும் ஏறத்தாழ 200இல் ஒரு பங்கு கனத்திருந்தது. அவர் அதனை அழித்துத் திருத்தவில்லை. 1892இல் பத்திரிகை வாயிலாக வெளியிட்டுப் பிறர் கருத்தையும் வேண்டினார். அச்சிறு முரணே 1894இல் அவரும் ராம்சேயும் ஆர்கானைக் கண்டறிய வழிகோலிற்று.

மாணவ நண்பர்களே, பொருந்தாத ஒன்றைக் கண்டவுடன் இரவிற் கண்விழித்துக் காரணம் தேடும் வேட்கை விளையாட்டில் உமக்கு இயல்பாகவே உண்டு. வகுப்பறை வாயிலில் அதனைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வாராதீர். ஆசிரியப் பெருமக்களும், ஒவ்வாத எண்ணைத் துணிந்து எழுதிய மாணவனுடைய மதிப்பெண்ணைக் குறைக்குமுன், அவ்வெண் எங்ஙனம் வந்தது என ஒருமுறை அவனை வினவுவாராக.