நீங்கள் கேட்டவை: மக்காச்சோளத்தைக் காக்க ரைஃபிள் வாங்கலாமா?

‘‘கரிசலில் 6 ஏக்கர் மானாவாரி மக்காச்சோளம். கதிரில் பால் பிடிக்கும் நேரத்தில் பன்றிகள் இறங்கி, ஒரே ராத்திரியில் அரை ஏக்கரைப் படுக்க வைத்துவிட்டன. சிங்கப்பூரில் இருக்கும் மச்சினன், அமெரிக்காவில் விற்கும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்களின் வீடியோக்களை அனுப்புகிறார். ‘விலை குறைந்ததை வாங்கிப் பட்டறையில் சில வேலைகள் செய்துகொண்டால் உயர்ந்த ரகத்துக்கு ஈடாகிவிடும்’ என்கிறார். எந்த ரைஃபிள் நல்லது? பயிர்ப் பாதுகாப்பு என்று சொன்னால் லைசென்ஸ் கிடைக்குமா?’’
- வாசகர், விளாத்திகுளம் வட்டம்.

வருஷம் முழுக்க நம்பியிருந்த கதிர் ஒரே இரவில் போனால், துப்பாக்கி நினைப்பு வருவது இயல்புதான். ஆனால், பணத்தைக் கட்டும் முன் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, பயிர்ப் பாதுகாப்புக்கென்று ஆயுதச் சட்டம் குறிப்பிடும் துப்பாக்கி ரைஃபிள் கிடையாது. இரண்டு, துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தாலே பன்றியைச் சுடலாம் என்று ஆகிவிடாது.

முதலில் துப்பாக்கி வகை. குழலின் உட்புறம் வழவழப்பாக இருந்தால் அது ‘ஸ்மூத் போர்’. ஊர்ப்புறத்தில் பார்க்கும் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி இந்த வகை. குழலுக்குள் திருகுபோல வரிகள் வெட்டியிருந்தால் அது ரைஃபிள். அந்த வரிகள் தோட்டாவைச் சுழற்றி அனுப்புவதால் அது நேராகவும் வெகுதூரமும் போகும். ‘போல்ட் ஆக்‌ஷன்’ என்பது தோட்டா ஏற்றும் முறை. பக்கத்தில் உள்ள கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் வெற்றுக்கூடு வெளியே விழும்; முன்னே தள்ளி மடக்கினால் அடுத்த தோட்டா ஏறும்.

மச்சினன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் 1936-ல் வந்த வின்செஸ்டர் 70, 1962-ல் வந்த ரெமிங்டன் 700 ஆகியவை பெயர் பெற்ற ரகங்கள். சாவேஜ் ஆக்சிஸ், ரூகர் அமெரிக்கன் ஆகியவை மலிவு ரகங்கள். மலிவு ரகத்தில் குழல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். செலவைக் குறைப்பது மற்ற பாகங்களில்தான். வால்நட் மரக்கட்டைக்குப் பதிலாக அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கட்டை இருக்கும். போல்ட் சற்றுச் சொரசொரப்பாக ஓடும். பிளாஸ்டிக் கட்டை வளைந்து குழலில் உரசினால் குறி மாறும். அதனால், அங்கே மலிவு ரகம் வாங்குகிறவர்கள் உறுதியான கட்டையை மாற்றுவார்கள், கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே எபாக்ஸி ஊற்றி ஆட்டத்தை நிறுத்துவார்கள், டிரிக்கரை இலகுவாக்குவார்கள். மேஜையில் வைத்துச் சுடுகிறவருக்கு இலகுவான டிரிக்கர் வசதி. இருட்டில், வரப்பில், பதற்றத்தோடு நிற்கிறவருக்கு அதே டிரிக்கர் ஆபத்து.

இதெல்லாம் அந்த நாட்டுக் கதை. இங்கே தனிநபர் துப்பாக்கி இறக்குமதி செய்வதற்குப் பல ஆண்டுகளாகத் தடை உள்ளது. பெயர் பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு விதிவிலக்கு உண்டு. விவசாயிக்கு அந்த வழி இல்லை.

இங்கே கிடைப்பவை

இந்தியாவில் லைசென்ஸ்காரர்கள் வாங்கும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்களில் முக்கியமானது .315. வெள்ளைக்காரர் ராணுவத்தின் லீ என்ஃபீல்டு அமைப்பில் அரசுத் தொழிற்சாலை செய்வது. ராணுவம் பயன்படுத்திய .303 அளவு பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டது. அதனால், அதே உடலில் வேறு அளவுத் தோட்டாவுக்கு இந்தக் குழல் வந்தது. தோட்டாவின் விட்டம் சுமார் 8 மில்லிமீட்டர். அடுத்தது .30-06, விட்டம் சுமார் 7.8 மில்லிமீட்டர்தான் என்றாலும் வேகமும் தூரமும் .315-ஐவிட அதிகம். மூன்றாவது .22, இது குறி பழகுவதற்கானது. பன்றியைக் காயப்படுத்தித் துரத்திவிடுமே தவிர, உடனே வீழ்த்தாது. காயம்பட்ட பன்றி, மறுநாள் காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் மேல்தான் பாயும்.

விளாத்திகுளம் பக்கத்து நிலத்துக்கு இவற்றில் எது பொருந்தும் என்று கேட்டால், எதுவும் பொருந்தாது. காரணம் தூரம். .22 தோட்டாவே ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். .30-06 தோட்டா 3 கிலோமீட்டருக்கும் அப்பால் போய் விழும். மலைச்சரிவில் சுட்டால் தவறிய தோட்டா மண்ணில் புதையும். கரிசல் காடு தட்டையானது. மக்காச்சோளத் தட்டை தோட்டாவைத் தடுக்காது. பன்றிக்குப் பின்னால், இருட்டில், அடுத்த காட்டுக்காரர் காவல் பரணில் உட்கார்ந்திருப்பார். கிடை போட்டவர் ஆட்டுக்கு நடுவே படுத்திருப்பார். 12 போரில் பெருங்குண்டு போட்டுச் சுட்டால் 30, 40 மீட்டருக்குள்தான் பலன். அதன் குண்டும் ஆளைக் கொல்லக்கூடியதுதான். ஆனாலும் ரைஃபிள் தோட்டாவைப்போல மூன்று ஊர் தாண்டாது.

சட்டமும் அந்த வழியில்தான் போகிறது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரச் சொல்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட வேறு ஸ்மூத் போர் துப்பாக்கிக்குத் தரலாம். ரைஃபிள் கேட்டால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். தருவதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு. எதுவானாலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, காவல் நிலைய விசாரணை முடிந்து, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் காட்ட வேண்டும். எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பது லைசென்ஸிலேயே எழுதப்பட்டிருக்கும். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்போது கதிர் முற்றும் பருவமாக இருந்தாலும் வேறு வழியில்லை.

பட்டறை வேலை

லைசென்ஸ் உள்ள துப்பாக்கியில் தோள்வார் மாட்டலாம். பின்கட்டையில் ரப்பர் அட்டை வைத்து உதையைக் குறைக்கலாம். கட்டை கைக்கு நீளமாக இருந்தால் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம் சரிசெய்யலாம். குறி பார்க்கும் கண்ணாடி பொருத்துவதும், பழுது பார்ப்பதும் அவரிடமே செய்ய வேண்டும். லேத் பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் துப்பாக்கியைப் பழுது பார்க்கத் தனி லைசென்ஸ் வேண்டும்.

குழலை அறுத்துக் குட்டையாக்குவது, வேறு தோட்டா போகும்படி துளையை மாற்றுவது, பொம்மைத் துப்பாக்கியைச் சுடும்படி திருத்துவது ஆகியவை தனிக்குற்றங்கள். 2019-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, இவற்றுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு சிறை; ஆயுள் வரை போகலாம். செய்து கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. துப்பாக்கியில் பொறித்த எண்ணை அழிப்பதும் குற்றம். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை வைத்திருந்தாலே குறைந்தது 2 ஆண்டு சிறை. பன்றி தின்றது போக மிஞ்சிய கதிரை அறுக்க வீட்டில் ஆள் இருக்காது.

சுடுவது யார்?

காட்டுப்பன்றி, 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2-வது அட்டவணையில் இருக்கிறது. பயிருக்குச் சேதம் செய்யும் விலங்கைக் கொல்ல முதன்மை வன உயிரினக் காப்பாளரோ, அவர் அதிகாரம் தந்த அலுவலரோ எழுத்துப்பூர்வமாக உத்தரவிட வேண்டும். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர் உத்தரவின் பேரில் லைசென்ஸ் உள்ளவர்கள் சுடுகிறார்கள். அந்த ஏற்பாடு தமிழ்நாட்டில் இல்லை. இங்கே 2025 ஜனவரியில் அரசு வேறு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறைப் பணியாளர்கள் சுடலாம்.

ஆக, விளாத்திகுளம் வாசகர் முதலில் செய்ய வேண்டியது, தன் நிலம் காப்புக்காட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் உறுதி செய்வது. 3 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால், துப்பாக்கிக்குச் செலவிடாமலே துப்பாக்கியோடு ஆள் வரச் சட்டத்தில் வழி இருக்கிறது. சேதத்தைத் தேதியோடு படம் எடுத்து, சர்வே எண் குறிப்பிட்டு, வனச்சரகரிடம் மனு கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். இழப்பீட்டுக்கும் அந்த மனுதான் ஆதாரம். பக்கத்துக் காட்டுக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து கொடுத்தால் மனுவுக்குக் கனம் கூடும். பன்றியும் ஒருவர் காட்டோடு நிற்பதில்லை.

‘‘ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்களே, மயிலை விரட்ட அதை வைத்துக்கொள்ளலாமா? ஸ்பிரிங் மாற்றினால் வேகம் கூடுமாமே?’’
- வாசகி, கயத்தாறு.

.177 அளவுக்கு மேற்படாமலும், குழல் வாயில் 20 ஜூலுக்கு மேல் வேகவிசை இல்லாமலும் இருக்கும் ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஸ்பிரிங்கை மாற்றி அந்த அளவைத் தாண்டினால் அதற்கும் லைசென்ஸ் வேண்டும். மயில் விஷயத்தில் இந்தக் கணக்கே வேண்டாம். அது முதல் அட்டவணையில் உள்ள பறவை; கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை. விதைத்த முதல் இரண்டு வாரம் விடியற்காலையிலும் மாலையிலும் ஆள் நின்று தகரம் தட்டுவதும், மினுமினுக்கும் நாடா கட்டுவதும் பாதுகாப்பான வழி. முளை நாலு விரல் உயரம் வந்துவிட்டால் மயில் தொந்தரவு குறையும்.